சாப்பிடக் கூப்பிட்டவன்

என் தம்பி தாமுரேயைப் பற்றி இந்த வைதேயா தீவில் யாரைக் கேட்டாலும் தங்கமான பையன் என்பார்கள். அந்தத் தங்கமான பையன் போகிற வழியெல்லாம் இறைத்துவிட்டுப் போகிற குப்பையை யார் அள்ளுவது என்று மட்டும் ஒருவரும் கேட்க மாட்டார்கள். பத்தொன்பது வருடமாக நான்தான் அள்ளிக்கொண்டிருந்தேன். என் பெயர் லூபே. தீவின் மாவுக்குழிகளுக்குக் காவல் நான். கிட்டே வந்தால் நாற்றத்திலேயே தெரிந்துவிடும்.

சீமைப்பலா காய்க்கிற மாதங்களில் எல்லோரும் வயிறு முட்டத் தின்பார்கள். தின்று மிஞ்சியதைத் தோல் சீவி, கடல் தண்ணீரில் ஊறப்போட்டு, இலை பரப்பிய குழியில் கொட்டி, மேலே கட்டையும் கல்லும் ஏற்றி மூடிவிடுவோம். உள்ளே அது புளித்துக் குழைந்து மஞ்சள் களியாகிவிடும். பத்து வருடம் ஆனாலும் கெடாது. ஆனால் நாறும். பச்சைக்குழந்தை கக்கினதும் மழையில் ஊறிய பாயும் சேர்ந்து நாறுகிற மாதிரி ஒரு நாற்றம். மாதம் ஒருமுறை இடுப்பளவு குழிக்குள் இறங்கி அழுகிய இலையை உருவிவிட்டுப் புது இலை மாற்றுவது என் வேலை. எத்தனை முறை கடலில் குளித்தாலும் நகக்கண்ணிலிருந்து அது போகாது. என் புருஷன் பக்கத்துத் தீவுக்கு வலை பின்னப் போனவன், அங்கே பூ மணக்கிற ஒருத்தியோடு தங்கிவிட்டான். அவனைக் குற்றம் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. நானும் என் மூன்று வயது மகள் நீவாவும் தாமுரேயும்தான் வீட்டில்.

தாமுரேயைக் கடல் மூழ்கடிக்காது. பிறந்த அன்றே அலை இழுத்துக்கொண்டு போன பிள்ளையை, மறுநாள் காலையில் மணலில் தூங்கிக்கொண்டிருக்கக் கண்டார்கள். ஒரே மூச்சில் காயலின் அடியில் நடந்து அக்கரை போய்விடுவான். சுறாவின் மூக்கில் குத்துவான். இத்தனை பலம் உள்ளவனுக்குக் கொஞ்சம் நிதானமும் கொடுத்திருக்கலாம். அவனுக்கு மனசு முதலில் ஓடும், கால் அதன் பின்னால் ஓடும், புத்தி மூன்றாம் நாள் நொண்டிக்கொண்டு வந்து சேரும். ஒருமுறை வலையில் சிக்கிய சுறாக்குட்டி அழுகிறது என்று வலையை அறுத்துவிட்டான். வலை எங்கள் பக்கத்து வீட்டுக் காவேயுடையது. காவே பாவம் என்று எங்கள் வலையை அவனுக்குக் கொடுத்துவிட்டான். அந்த மாதம் முழுக்க நாங்கள் நத்தை பொறுக்கித் தின்றோம்.

போன புயலில் ஒன்பது பேரைக் கடலிலிருந்து இழுத்துப் போட்டான். அதில் காவேயும் ஒருவன். ஊரே அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடியது. அவர்களை இழுத்துவர மிதவை எங்கே கிடைத்தது என்று அன்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. எனக்குத் தெரியும். என் மூன்று குழிகளில் இரண்டின் மூடுகட்டைகளை உருவிக்கொண்டு ஓடியிருந்தான். இரண்டிலும் கடல் புகுந்துவிட்டது. நான் போய்ப் பார்த்தபோது களி கறுத்துப்போய், மேலே வெள்ளைப் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன.

"ஒம்பது பேரு அக்கா," என்றான், ஈரத்தோடு வந்து நின்று.

"நாப்பத்தெட்டுப் பேருடா மீதி. என்னத்தத் தின்பாங்க?"

அவன் முகம் அப்படியே வாடிவிட்டது. பிறகு குழிக்குள் குதித்து, புழுவைக் கையால் அள்ளி அள்ளி வெளியே எறிந்தான், ஏதோ அடியில் கொஞ்சமாவது நல்லதாக இருக்கும் என்பதுபோல. அடிவரைக்கும் புழுதான்.

ஆக மிஞ்சியது ஒரே குழி. மரங்களில் பூ, பிஞ்சு எல்லாம் உதிர்ந்துபோயிருந்தன. புதுக் காய் வர நான்கு மாதம் ஆகும். புயலுக்குப் பிறகு காயல் மீனைத் தின்றவர்கள் வாந்தியெடுத்துக் கை கால் மரத்துக் கிடந்தார்கள், அதனால் மீனும் இல்லை; வெளிக்கடலில் மீனே அகப்படவில்லை. ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பொட்டலம், கைமுட்டி அளவு. அப்படி அளந்து கொடுத்தால் அந்த ஒரு குழி நான்கு மாதத்துக்குச் சரியாக வரும். ஒரு பிடிகூட மிஞ்சாது. இதை நான் தாமுரேயிடம் நூறு தடவை சொல்லியிருப்பேன்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம். நீங்கள் சாப்பிட உட்காரும்போது வீட்டு வாசல் வழியாக யார் போனாலும் "வா, வந்து சாப்பிடு" என்று கூப்பிட வேண்டும். போகிறவர் "வயிறு ரொம்பியிருக்கு" என்று வயிற்றைத் தட்டிக் காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு நாள் பட்டினி கிடந்தவனும் அப்படித்தான் சொல்வான். கூப்பிட்டவனுக்கும் அது தெரியும். எல்லோரும் எல்லோரையும் கூப்பிடுவோம், யாரும் வர மாட்டார்கள், ஊர் ஒற்றுமையாக இருக்கும். தப்பித்தவறி யாராவது வந்து உட்கார்ந்துவிட்டால் போட்டுத்தான் ஆக வேண்டும். கூப்பிட்டுவிட்டுக் கையை விரித்தால் குழி அழுகிவிடும். என் அம்மா காலத்தில் ஒரு வீட்டில் அப்படி நடந்து, அவர்கள் குழியில் ஒரே இரவில் புழு வைத்தது.

வெளிப்பாறை ஓரமாகத் தினமும் பொழுது சாய்கிற நேரத்தில் பாசிக்காரி போவாள். வடக்கு முனையிலிருந்து தெற்கு முனைவரை மெதுவாகப் போய்க் கடலில் இறங்கிவிடுவாள். எங்கள் பாட்டன் காலத்துக்கும் முன்பிருந்தே போகிறாள். பெரிய ஆண்பிள்ளையைவிட ஒன்றரை மடங்கு உயரம். உடம்பெல்லாம் கடல் அட்டையின் தோல், அதில் சொரி சொரியாக, படகடியில் ஒட்டுகிற கொட்டலசு. நடக்கும்போது அவளிடமிருந்து ஏதோ சொட்டிக்கொண்டே இருக்கும். அவள் போகிற நேரத்தில் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். அவளைக் கூப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை, காற்றைக் கூப்பிடத் தோன்றாத மாதிரி.

புயல் முடிந்து இருபதாம் நாள். வாசலில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தோம். தாமுரே பாறைப் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தான். திடீரென்று எழுந்து, இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கத்தினான்.

"ஏய்! வா! வந்து சாப்பிடு!"

அவள் நின்றாள். பாறை ஓரத்தில் அவள் நின்று நான் பார்த்ததே இல்லை.

"டேய் தாமு, என்னடா பண்ற?"

"பாவம்க்கா. தெனமும் நம்ம வாசலுக்கு எதுத்தாப்லதான் போறா. ஒருத்தர்கூட ஒரு வார்த்த கேட்டதில்ல."

"அதுக்கு? அவளுக்கு வயிறு ரொம்பியிருக்குன்னு சொல்ல வாய் இருக்கான்னாவது தெரியுமாடா ஒனக்கு?"

அதை அவன் யோசித்திருக்கவில்லை. அவன் கண்ணில் அது எட்டிப் பார்த்தபோது, அவள் ஏற்கெனவே காயலில் இறங்கி எங்களை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தாள்.

அந்தச் சாப்பாட்டை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். வந்தாள், என் தாழம்பாயில் உட்கார்ந்தாள். பாய் சளசளவென்று ஊறியது. கிளறிவிட்ட செத்த சிப்பிக் குவியலின் வாடை. என் நாற்றத்துக்கே பழகிய என் மூக்கு அடைத்துக்கொண்டது. நீவா என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். தாமுரே தன் பொட்டலத்தை இலையோடு அவள் முன்னால் வைத்தான். அவள் குனிந்தாள், வாயைத் திறந்தாள். வாயிலிருந்து அவள் வயிறு வெளியே வந்தது. நட்சத்திர மீன் சிப்பியைத் தின்னும்போது பார்த்திருக்கிறேன், அப்படி. சாம்பல் நிறத்தில், வழவழவென்று, நரம்பு ஓடிய பை ஒன்று வெளியே வழிந்து, மாவின் மேல் படர்ந்து, நுரைத்து, அப்படியே உள்ளே இழுத்துக்கொண்டது. இலை நனைந்து சுருண்டு கிடந்தது.

தாமுரே பக்கம் திரும்பினேன். அவன் முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை.

"நல்லா இருக்கா? இன்னும் கொஞ்சம் வெக்கட்டா?"

"வை," என்றாள். சேற்றில் காலை எடுக்கும்போது வருகிற சத்தம் மாதிரி இருந்தது அவள் குரல்.

என் பொட்டலம் போயிற்று. நீவாவுடையதில் பாதி போயிற்று. பிறகு தாமுரே குழிக்கு ஓடினான். அன்று முப்பது பேருடைய பங்கைத் தின்றாள்.

எழுந்திருக்கும்போது சொன்னாள்: "ஊர்ல எல்லாரும் எல்லாரையும் கூப்பிடுவீங்க. நான் பாறையில போகும்போது கேட்டுக்கிட்டே போவேன். என்னைக் கூப்பிட்டது நீதான் மொதல்ல. நாளைக்கும் வரவா?"

நான் அவன் கையைப் பிடித்து நகத்தால் அழுத்தினேன். ரத்தம் வருகிற அளவுக்கு அழுத்தினேன்.

"எப்ப வேணா வா," என்றான் என் தம்பி.

அவள் போன பிறகு பாயைச் சுருட்டிக் கடலில் வீசினேன். கை விரலெல்லாம் கொழகொழப்பு, மணல் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. அவனைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது. அவளைவிட அவனைப் பார்க்கத்தான் அதிகம். நல்லவனாக இருப்பது அவனுக்கு எவ்வளவு சுலபமாக இருந்தது! வாயைத் திறந்தால் போதும். மற்றதெல்லாம் மற்றவர்கள் பாடு.

பாசிக்காரி தினமும் வந்தாள். தாமுரே அன்றிலிருந்து தன் பங்கைத் தொடவில்லை, அவளுக்கே வைத்துவிட்டான். ஆனால் அது எந்த மூலைக்கு? மீன் பிடித்துக் கொடுத்துப் பார்த்தான். "இதெல்லாம் என் வீட்டுலயே இருக்கு, விருந்துக்கு வந்த எடத்துல வீட்டுல இருக்கிறவங்க சாப்பிடுறதத்தானே சாப்பிடணும்," என்றாள் அவள். நியாயம்தான். எங்களிடமே கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்ட நியாயம். இன்னொரு நாள், கொஞ்சமாகச் சாப்பிடச் சொல்லுகிறேன் என்று என்னிடம் சத்தியம் செய்துவிட்டுப் போய் உட்கார்ந்தான். அவள் தோளில் கொட்டலசுகள் சந்தோஷத்தில் திறந்து திறந்து மூடின. அதைப் பார்த்தவன் மேலும் ஒரு கூடை கொண்டுவந்து வைத்தான்.

பத்தாம் நாள் குழிக்குள் இறங்கிக் குச்சியை விட்டு அளந்தேன். இப்படியே போனால் ஒன்றரை மாதம்கூடத் தாங்காது. அதற்கப்புறம் ஒன்றரை மாதத்துக்கு மேல் இலையைத்தான் தின்ன வேண்டும்.

ஊர்த்தலைவர் பூநாவோ எங்கள் அம்மாவின் அண்ணன். அவருடைய படகுக் கொட்டகையில் ஊர் கூடியது. எல்லோரும் என்னை விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்கள். அன்று என்மேல் புளிமாவோடு பாசிக்காரியும் சேர்ந்து நாறினாள்.

"லூபே, ஒந்தம்பி நல்ல எடத்துலதான் சம்பந்தம் பேசியிருக்கான்," என்றான் காவே. "பொண்ணு கொஞ்சம் வழுக்குது, அவ்வளவுதான்."

எல்லோரும் சிரித்தார்கள்.

"கடல்ல கெடந்து 'தாமு, தாமு'ன்னு கத்தின வாய்தானே இது?" என்றேன். "அப்ப வழுக்கலியா?"

"அதுக்காக ஊரே பட்டினி கெடக்கணுமா? ஈட்டிய எடுத்து ஒரே குத்து. அவனால முடியாதா என்ன?"

தாமுரே தலையைத் தூக்கினான். "நான் கூப்பிட்டு வந்தவ. அவளையா குத்தச் சொல்ற?"

"குத்தினா குழி அழுகிடும்டா மடையா," என்றார் பூநாவோ காவேயிடம். "வாயக் கொஞ்சம் மூடு." பிறகு என் தம்பியைப் பார்த்தார். "அவகிட்ட இனிமே வராதேன்னு சொல்ல முடியுமா ஒன்னால?"

"நேத்துக்கூடச் சொல்லணும்னுதான் போனேன் மாமா."

"என்னாச்சு?"

"எனக்கு ஒரு சிப்பி கொண்டாந்திருந்தா. தொடச்சு, பளபளன்னு."

பூநாவோ நெற்றியில் கை வைத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார், என் கண்ணைப் பார்க்காமல்.

"அடுப்பு இருக்கிறவன் கூப்பிட்டாத்தான் அது அழைப்பு. அவன் கல்ல எடுத்துரு லூபே."

எங்கள் வீடுகளில் ஒரு குழந்தை பிறந்தால் கல்லடுப்பில் ஒரு கல் கூடும். எரிந்து சிவந்த அந்தக் கற்களின் மேல்தான் எல்லோருக்கும் வேகும். செத்தால்தான் கல்லை எடுப்போம். உயிரோடு இருப்பவனின் கல்லை எடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அடுப்புக்கு உடையவள்தான் எடுக்க வேண்டும். எங்கள் அடுப்புக்கு உடையவள் நான்.

"புதுக் காய் வர்ற வரைக்கும்தான்," என்றார். "அதுவரைக்கும் நீயோ ஒம்பொண்ணோ வாய் தவறிக்கூட அவனச் சாப்பிடக் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டா திரும்ப அவன் ஒன் அடுப்புக்காரன். அவன் கூப்பிட்டது திரும்பச் செல்லும், அவளும் வந்துருவா. வேற யார் வீட்டுலயும் அவனக் கூப்பிடக் கூடாது. எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா?"

எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். அவன் இழுத்துப் போட்ட ஒன்பது பேரும் கேட்டுக்கொண்டார்கள். ஒருவராவது ஏதாவது சொல்வார்கள் என்று நானும் பார்த்தேன். காவே காது குடைந்துகொண்டிருந்தான். அங்கேயே காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது எனக்கு. ஆனால் நானும்தான் எதுவும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து அடுப்பின் முன் குந்தினேன். சாம்பலைக் கிளறினேன். இருட்டாக இருந்ததா, என் கண்தான் சரியில்லையா, எது அவன் கல் என்று தெரியவில்லை. எல்லாமே கரி.

"ஓரத்துல ஒடஞ்சிருக்கும்க்கா," என்றான் பின்னாலிருந்து. "அந்தப் பக்கம் இல்ல. இரு, கை சுட்டுக்குவ." அவனே இரண்டு குச்சியால் கிடுக்கி எடுத்து, ஒரு ஓலையில் வைத்து, ஊதி, என் கையில் கொடுத்தான்.

"ஏன்டா இப்படி இருக்க?" என்று கத்தினேன். "கோபமே வராதாடா ஒனக்கு?"

"ஒம்மேல எதுக்குக் கோபம்? நீவாவுக்கு வேணும்ல."

கல்லைக் கொண்டுபோய்க் காயலில் எறிந்தேன். ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அது தண்ணீரில் விழுந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. இனி அந்தக் கொழகொழப்பைத் துடைக்க வேண்டாம், பாயை எறிய வேண்டாம் என்றுதான் முதலில் தோன்றியது.

மறுநாள் பொழுது சாய்கையில் அவன் கரையில் போய் நின்றான். நான் வீட்டுக்குள் ஓலைத் தட்டியின் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் காயலைத் தாண்டி வந்தாள்.

"எனக்கு இப்ப வீடு இல்ல," என்றான். "அடுப்பு இல்ல. ஒனக்குப் போட என்கிட்ட ஒண்ணும் இல்ல."

அவள் அவனை ரொம்ப நேரம் பார்த்தாள். உடம்பிலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது.

"அப்ப நீ எங்க சாப்பிடுவ?"

அவன் ஒருமுறைகூட அதைப் பற்றி நினைத்திருக்க மாட்டான்.

"என் வீட்டுக்கு வா," என்றாள் பாசிக்காரி. "வந்து சாப்பிடு."

எங்கள் ஊரில் பிறந்த எந்தப் பிள்ளையும் வயிற்றைத் தட்டிக் காட்டியிருக்கும். பேசக் கற்றுக்கொள்வதற்கு முன்பே கற்றுக்கொள்வது அது. என் தம்பி முகம் மலர்ந்து, "சரி" என்று சொல்லிவிட்டு அவள் பின்னாலேயே தண்ணீரில் இறங்கிப் போனான். கடல் அவனை மூழ்கடிக்காது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு பொழுது சாய்ந்தால் பாறை ஓரத்தில் இரண்டு பேர் போனார்கள். ஒன்று பெரிய உருவம், ஒன்று சின்ன உருவம். காவே ஒருநாள் வெளிக்கடலுக்குப் படகு விட்டவன் அவர்களைக் கிட்டத்தில் பார்த்துவிட்டு வந்தான். கேட்காமலே வந்து சொன்னான்.

"பாறைப் பொந்துல அவனுக்கு விருந்து வைக்கிறா லூபே. என்னன்னு நெனைக்கிற? அவளே தின்னு, பாதி கரைஞ்சத, வெளிய எடுத்துக் கொடுக்கிறா. குருவி குஞ்சுக்குக் கொடுக்கிற மாதிரி. கறுப்பா, சளி மாதிரி..."

"போதும்."

"அவனும் வாங்கித் திங்கிறான். அவ அந்தப் பக்கம் திரும்பினதும் வாந்தி எடுக்கிறான். அவ திரும்பிப் பாத்தா நல்லா இருக்குங்கறான். திரும்பவும் வாங்கிக்கிறான்."

"ஒரு வார்த்த பேசினியா அவன்கிட்ட?"

"எதுக்கு? பேசப்போய், பழக்கத்துல வாடா சாப்பிடுன்னு வந்துட்டா?" என்று சொல்லிவிட்டுக் காவே சிரித்தான்.

ஊர் மாறிப்போயிற்று. பாசிக்காரி கேட்டுவிடுவாளோ என்று யாரும் யாரையும் சாப்பிடக் கூப்பிடுவதில்லை. முதலில் பொழுது சாய்கிற நேரத்தில் மட்டும்தான் கூப்பிடாமல் இருந்தார்கள். பிறகு காலையிலும் நிறுத்திவிட்டார்கள். பூநாவோ வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தின்றார். ஒவ்வொரு வீட்டிலும் முதுகுகள். மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்கும். அவள் தின்ற குறைக்கு ஈடாகச் சிறிதாக்கிய பொட்டலத்தைக் கொடுக்கப் போனால், இலையை என் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு தட்டியை இழுத்து மூடினார்கள். இவர்களுடைய அழைப்பு இவ்வளவு காலமாக என்னவாக இருந்தது என்று நினைத்துப் பார்த்தபோது, எனக்குக் குழியின் நாற்றம் பரவாயில்லை என்று இருந்தது. குழிக்குள் போய் உட்கார்ந்து சாப்பிட்ட நாளும் உண்டு.

நேற்று மரங்களைப் போய்ப் பார்த்தேன். காய்கள் என் முஷ்டி அளவுக்கு வந்திருந்தன. இன்னும் இருபத்திரண்டு நாள். குழியில் குச்சி விட்டேன். இருபத்திரண்டு நாளுக்குத்தான் இருக்கிறது, நன்றாகச் சுரண்டினால்.

இன்று வாசலில் நீவாவோடு உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தேன். அவர்கள் பாறை ஓரத்தில் போகவில்லை. கரையோரமாக, எங்கள் வீட்டு வழியாகவே வந்தார்கள். ஏன் அப்படி வந்தான் என்று எனக்குத் தெரியாது. குழந்தையைப் பார்க்க ஆசையாக இருந்திருக்கும். தோன்றியிருக்கும், வந்திருப்பான்.

முதலில் அடையாளம் தெரியவில்லை. மார்பெலும்பு ஒவ்வொன்றாக எண்ணலாம். தோல் வெளுத்து ஊறிப்போய், முழங்கையில் இரண்டு கொட்டலசு ஒட்டியிருந்தது. வாயோரத்தில் கறுப்பாக ஏதோ காய்ந்திருந்தது. கண் மட்டும் பழைய கண். பாசிக்காரி ஒரு எட்டுத் தள்ளி, அவனுக்கு வெயில் படாமல் மறைத்துக்கொண்டு நடந்தாள்.

நீவா அவனைப் பார்த்துவிட்டாள். வாய் நிறைய மாவோடு எழுந்தாள்.

"தாமு மாமா! வா, வந்து..."

நான் அவள் வாயைப் பொத்தினேன்.

யோசிக்கவில்லை. கை தானாகப் போயிற்று. மாவு அப்பிய, நாறுகிற என் கை என் மகளுடைய வாயையும் மூக்கையும் சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது. அவள் திமிறினாள். கன்னத்தில் விரல் பதிந்தது. விடவில்லை நான். விட்டால் மிச்ச வார்த்தை வெளியே வந்துவிடும்.

அவன் நின்றுவிட்டான். என் கையைப் பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். எனக்குள் என்ன ஓடுகிறது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவனுக்கு இவ்வளவு சீக்கிரம் எதுவும் தெரிந்ததே இல்லை.

அவன் தன் வயிற்றைத் தட்டிக் காட்டினான். அங்கே தட்டுவதற்கு வயிறே இல்லை.

"வயிறு ரொம்பியிருக்குக்கா," என்றான். "நீங்க சாப்பிடுங்க."

பத்தொன்பது வருடத்தில் அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. பக்கத்தில் நின்ற பாசிக்காரி அவனைப் பார்த்தாள். பொட்டலத்தைப் பார்த்தாள், கொஞ்சம் அதிக நேரமே பார்த்தாள். பிறகு அவளும் தன் சொரி பிடித்த கையைத் தூக்கி, அவன் செய்த மாதிரியே வயிற்றில் மெதுவாகத் தட்டினாள்.

"எனக்கும் ரொம்பியிருக்கு," என்றாள்.

இரண்டு பேரும் போய்விட்டார்கள். நான் கையை எடுத்தேன். நீவா வீறிட்டு அழுதாள், கொஞ்ச நேரத்தில் அழுதுகொண்டே மீதியைத் தின்றாள்.

அவன் அந்த வார்த்தையைச் சொன்னதும் என் நெஞ்சு லேசாயிற்று. அதுதான் உண்மை. அப்பாடா என்று இருந்தது. இத்தனை நாள் குழியிலும் பாசிக்காரியிடமும் நான் முகர்ந்த எந்த நாற்றமும் அந்த அப்பாடாவுக்குக் கிட்டே வராது.

என் பங்கு இலையில் அப்படியே இருந்தது. அவன் போன திசையைப் பார்த்தபடி உட்கார்ந்து அதை முழுதும் தின்றேன். இலையையும் நக்கினேன்.